மீனுக்குத் தகுந்த தொட்டி



விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள். கிடங்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நாம் சரக்குக்கு ஆர்டர் கொடுக்கிறோம். மீன் வாங்கும்போது மட்டும் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறோம். அடியேனும் மறந்தவன்தான்.

கடையில் அரவானா வைத்தால் வியாபாரம் பெருகும் என்று நண்பர்கள் சொல்ல, சென்னை கொளத்தூரில் விரல் நீள வெள்ளி அரவானாக் குஞ்சு ஒன்றை வாங்கி வந்து, கல்லாவுக்கு எதிரே இரண்டடித் தொட்டியில் விட்டேன். ஓராண்டில் ஏறத்தாழ ஒரு முழம் வளர்ந்து, திரும்பக்கூட இடமின்றித் தவித்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்தது. தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. காற்று மோட்டார் நின்றது. மூன்றாம் நாள் மீன் செத்து மிதந்தது. புயலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தண்ணீர் குறைவாக இருந்தால் அதிலுள்ள பிராணவாயு விரைவில் தீரும். கழிவும் விரைவில் சேரும்.

வளர்ந்த அளவே கணக்கு

வெள்ளி அரவானா தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்று மீன். இரண்டரை அடிக்கு மேலும் வளரும். அதற்கு ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரத்துக்குக் குறையாத தொட்டி வேண்டும். இதில் சுமார் 850 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கண்ணாடி, இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் எடை ஒரு டன்னை நெருங்கும். ஆகவே தரைத்தளம்தான் ஏற்றது. அரவானா துள்ளிக் குதிக்கும் மீன். கனமான மூடி அவசியம்.

இவ்வளவு இடம் இல்லாதவர்கள் ஆஸ்கார் மீனை வளர்க்கலாம். ஓரடி அளவுக்கு வளரும்; ஆளைப் பார்த்ததும் கண்ணாடியருகே வரும். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி ஒன்றிரண்டு மீனுக்குப் போதும்.

அவசரம் வேண்டாம்

தொட்டி வைத்த அன்றே மீனை விடாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. அதை மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் பெருக நான்கு முதல் ஆறு வாரமாகும். வாரந்தோறும் கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்றுங்கள். உயிருள்ள சிறு மீன்களைத் தீனியாகப் போட்டால் நோயும் கூட வரும். இறால் துண்டு, மீன் துண்டு, குச்சித் தீவனம் போதும். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கைவசம் இருக்கட்டும். விலை சொற்பம், அன்று என்னிடம் அது இல்லை.

பில் கேளுங்கள்

சிவப்பு, தங்க நிற ஆசிய அரவானா உலக அளவில் வணிகக் கட்டுப்பாடு உள்ள இனம். 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும். பில்லும் சான்றிதழும் இல்லாத சரக்கை நாம் கடையில் ஏற்றுவதில்லை. மீனுக்கும் அதே விதிதான்.

குளத்தில் விடாதீர்கள்

தொட்டிக்கு அடங்காத மீனை, பாவம் என்று குளத்திலோ கண்மாயிலோ விடுவோர் உண்டு. அது புண்ணியமல்ல. 2018 வெள்ளத்துக்குப் பின் கேரள ஆறுகளில் அராபைமா, முதலைவாய் கொண்ட அலிகேட்டர் கார் போன்ற அயல்நாட்டு மீன்கள் வலையில் சிக்கின. வளர்ப்பிடங்களிலிருந்து தப்பியவை அவை. இத்தகைய மீன்கள் நம் குளங்களில் பெருகினால் கெண்டையும் விரால் குஞ்சும் மிஞ்சா. குளத்து மீனை நம்பிய குடும்பங்கள் நம் வாடிக்கையாளர்களும்தானே! வளர்க்க முடியாவிட்டால் வாங்கிய கடையிலோ, பெரிய தொட்டி உள்ளவரிடமோ ஒப்படையுங்கள்.

முதலில் இடத்தை அளங்கள், அடுத்துத் தொட்டி, மீன் கடைசியில். என் கடையில் இப்போது நான்கடித் தொட்டியில் இரண்டு ஆஸ்கார்கள் இருக்கின்றன. தொட்டி வாங்க எண்ணும் அன்பர்கள் ஒரு நடை வந்து பார்த்துச் செல்லலாம்.