ஆரைக்கீரையும் அடுப்பும்

முசரவாக்கம் போன்ற காஞ்சிபுரத்து ஏரிப்பாசன ஊர்களில், வயல் சேற்றில் நாலிலை விரித்துப் படரும் ஆரையைக் களை என்று பிடுங்கி எறிவோரும் உண்டு, பருப்போடு கடைந்து சோற்றில் பிசைந்து உண்போரும் உண்டு. கீரை என்கிறோமே தவிர, ஆரை பூக்காது, காய்க்காது, பெரணி இனம். இதன் ஆஸ்திரேலியப் பங்காளி நார்டூ. 1861-இல் கூப்பர்ஸ் கிரீக் கரையில் உணவு தீர்ந்துபோன பர்க், வில்ஸ் என்ற பயணிகள் நார்டூவின் கெட்டியான வித்துக்கூடுகளை இடித்து மாவாக்கித் தின்றார்கள். வயிறு நிறைந்தது, ஆனால் நாளுக்கு நாள் கால் தள்ளாடி, இருவரும் இறந்துபோனார்கள். நார்டூவில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் தயமினேஸ் என்ற நொதி உண்டு. சாவுக்கு அதுவும் காரணம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அந்த மண்ணின் யாண்ட்ருவாந்தா மக்களோ அதையே வறுத்து, அரைத்து, நீரில் கரைத்து உண்டுவந்தவர்கள். அவர்கள் ஆதரித்த கிங் என்ற இன்னொரு பயணி பிழைத்துக்கொண்டார்.

வள்ளைக்கீரைக்குப் பக்குவம் வேறு. அதிலுள்ள வைட்டமின் சி நீரில் கரையும், சூட்டில் அழியும். நறுக்கிய பிறகு கழுவினாலே கொஞ்சம் போய்விடும். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் சொல்லவே வேண்டாம். முதலில் அலசி, பிறகு நறுக்கி, தண்ணீர் தெளித்துச் சட்டென்று வதக்கி இறக்குவதே சரி. பீட்டா கரோட்டினின் குணம் நேர்மாறு. வெந்து இளகிய இலையிலிருந்துதான் அது உடம்புக்கு எளிதில் கிடைக்கும். கொஞ்சம் எண்ணெய் சேர்ந்தால் இன்னும் நல்லது. வெயில்தான் அதற்கு எமன். கீரைப்பொடிக்கு நிழலில் உலர்த்தச் சொல்வது அதனால்தான். வேகவைத்த நீரை வடித்தால் ஆக்சலேட்டும் ஓரளவு குறையும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அதற்காகக் கொஞ்சம் வைட்டமினை இழக்கலாம்.

தாமரைத்தண்டு வற்றலைப் பாருங்கள். வட்டமாக நறுக்கிய வில்லைகள், துளைகளின் ஓரத்தில் முதலில் பழுப்பேறும். காற்றுப் பட்டதும் நொதி செய்யும் வேலை அது. உப்புப் போட்ட மோரில் ஊறவைத்தால் புளிப்பு அதைத் தடுக்கும். காய்ந்த வில்லையில் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் தங்கும், வைட்டமின் சி பெரும்பாலும் தங்காது. பொரித்தபின் உப்பும் எண்ணெயும் கூடிவிடுவதால் இதைச் சத்துணவுக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை. மோர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள ருசியானது, அவ்வளவே.

நீர்க்கீரையைப் பச்சையாகச் சாலட்டில் போடுவது இப்போதைய மோகம். குடல் தட்டைப்புழுவின் இளம்பருவம் இலையில் ஒட்டியிருக்கலாம். நன்றாக வேகவைத்தால் சாகும். சாயக்கழிவு கலந்த நீரிலிருந்து செடி உறிஞ்சிய ஈயமும் காட்மியமும் அப்படிச் சாவதில்லை. கீரை பறித்த குளத்துக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று விற்பவரிடம் கேட்டுவிட்டே வாங்குங்கள்.