ஒரு பெல்ட், இரண்டு நோய்கள்
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் காரின் பழைய வண்டிகளில், மின்சாரம் தரும் டைனமோவையும் நீரைச் செலுத்தும் பம்பையும் சுழற்றுவது ஒரே ஃபேன் பெல்ட்தான். ஆகவே ஓட்டத்தில் சிவப்பு விளக்கு எரிந்து, என்ஜின் சூடும் ஏறினால், முதலில் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். நடுவில் விரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் இறங்குவதே சரியான இறுக்கம்.

பெல்ட் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால்? வண்டி நிற்கையில் மங்கலாக எரிவது குற்றமன்று. மெதுவாகச் சுழலும் டைனமோவில் பாட்டரியை மிஞ்சும் மின்னழுத்தம் பிறப்பதில்லை; இது ஃபாரடே விதி. வேகம் கூட்டியும் அணையாவிட்டால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், கட்-அவுட் பழுதாகியிருக்கலாம்.

சூடு மட்டும் ஏறினால், தெர்மாஸ்டாட்டைக் கழற்றி நீரிலிட்டுக் காய்ச்சிப் பாருங்கள். நீர் கொதித்தும் திறக்காவிட்டால் மாற்றிவிட வேண்டும்.

ஆனால், சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் திறக்காதீர்கள்! உள்ளே அழுத்தம் மிகுதியாதலால் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் நீர் கொதிக்காதிருக்கும். திறந்த கணமே அழுத்தம் குறைந்து, கொதித்துச் சீறி, முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். வகுப்பில் நாம் படிக்கும் இவ்வுண்மையைப் பட்டறையில் தொழில் பழகும் தம்பிகளுக்குச் சொல்வது நம் கடமையன்றோ!