மதியம் ஒரு மணிக்கு யாரும் சந்தைக்குப் போவதில்லை

கோயம்புத்தூர்ப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உரிமையாளர், கூட இரண்டு ஆட்கள், வாசலில் வரிசையாக எரிந்துபோன மோட்டார்கள். காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கும். "மோட்டார் ஓடுதுங்ணா, தண்ணி வரலை." "ஸ்விட்ச் போட்டா உர்ருனு சத்தம் மட்டும் வருது, சுத்த மாட்டேங்குது." "போன மாசந்தானுங்க காயில் கட்டுனோம், மறுபடி எரிஞ்சு போச்சு." ஒவ்வொருவருக்கும் அவர் பொறுமையாகப் பதில் சொல்வார். சொன்ன பதில் அந்த ஒரு காதோடு முடிந்துவிடும்.

அதையே அவர் தன் இணையதளத்தில் எழுதி வைத்தால்? பொள்ளாச்சிப் பக்கம் தோப்பில் நிற்கும் விவசாயி ஒருவர் போனில் கேள்வியைத் தட்டும்போது அந்த எழுத்து எப்படி அவர் கைக்கு வந்து சேரும்? சிறுதொழில் செய்யும் பலர் ஆசையாகப் பதிவு எழுத ஆரம்பித்து நாலைந்தோடு நிறுத்திவிடுவதற்குச் சோம்பல் காரணம் இல்லை. நடுவில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஓர் ஓட்டல் சமையல்கட்டுக்குள் போய்ப் பார்த்தால் விஷயம் பிடிபட்டுவிடும்.

மதியம் ஒரு மணி. இலை போட்டாயிற்று. வந்தவர் "மிளகு ரசம் இருக்கா?" என்று கேட்ட பிறகு யாரும் பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்புவதில்லை. சரக்கு விடியற்காலையே வந்து இறங்கி, கழுவி, நறுக்கி, டப்பாக்களில் ஏறியிருக்கும். கூகுளும் அப்படித்தான். நாம் தேடும் அந்த நொடியில் அது இணையத்தைத் துழாவுவதில்லை. முன்கூட்டியே சேர்த்து அடுக்கி வைத்த தன் சரக்கறையைத்தான் பார்க்கிறது. உங்கள் எழுத்து அந்த அறைக்குள் இல்லையென்றால், எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் இலைக்கு வராது.

சரக்கு வாங்கப் போகும் ஆளுக்கு கூகுள்பாட் என்று பெயர். மென்பொருள்தான். தெரிந்த ஒரு பக்கத்துக்குப் போகும், அங்குள்ள இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகும். எங்கிருந்தும் இணைப்பு இல்லாத பக்கம் அதன் கண்ணில் படுவது கடினம். அதனால்தான் புதிய பதிவை எழுதியதும் முகப்பிலிருந்தும் பழைய பதிவுகளிலிருந்தும் அதற்கு இணைப்புக் கொடுக்கச் சொல்கிறார்கள். எந்தெந்தப் பக்கங்கள் இருக்கின்றன என்று நாமே பட்டியல் எழுதிக் கொடுக்கும் சைட்மேப் முறையை 2005இல் கூகுள் கொண்டுவந்தது. பட்டியல் கொடுத்தாலும் ஆள் உடனே வருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். அடிக்கடி புதுச்சரக்கு வரும் கடைக்கு அடிக்கடி வருவார்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் கூகுள்பாட் நுழையாத இடம். அங்கே போட்டதும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். விவரம் முழுவதையும் ஒரு போஸ்டர் படமாகச் செய்து போடுவதும் ஆபத்துதான். மூடி போட்டு, பெயர் எழுதாமல் வைத்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று அவர் ஊகிக்க வேண்டியிருக்கும்.

வாங்கி வந்ததை அடுக்கும் விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. சமையல்கட்டில் ஒரு பேரேடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் பண்டத்தின் பெயரை எழுதி அதற்குக் கீழே சாமான்களை எழுதவில்லை, தலைகீழாக எழுதியிருக்கிறது. மிளகு என்ற தலைப்பின் கீழ் மிளகு சேர்ந்த எல்லாப் பண்டங்களும். வாழைப்பூ என்ற தலைப்பின் கீழ் வாழைப்பூ சேர்ந்தவை எல்லாம். தேடுபொறியின் பேரேட்டில் ஒவ்வொரு சொல்லின் கீழும் அந்தச் சொல் வரும் பக்கங்கள். மோட்டார், சத்தம், சுத்தல என்று மூன்று சொல் வந்தால் மூன்று பட்டியலையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும்.

இப்போது உப்பை நினைத்துப் பாருங்கள். உப்பின் கீழ் ஏறக்குறைய எல்லாப் பண்டமும் இருக்கும். "உப்புப் போட்ட ஒன்று வேண்டும்" என்றால் என்னவென்று எடுப்பது? வாழைப்பூ என்றால் இரண்டு மூன்று பண்டத்தில் தேடல் முடிந்துவிடும். எங்கும் வரும் சொல்லுக்குக் குறைந்த மதிப்பு, அரிதாக வரும் சொல்லுக்கு அதிக மதிப்பு என்ற இந்தக் கணக்கை கேம்பிரிட்ஜில் கரேன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் எழுதினார். தேடல் தொழில்நுட்பத்தின் அஸ்திவாரக் கற்களில் ஒன்று அது.

சிறு கடைக்காரர்கள் மனதில் வைக்க வேண்டியதும் அதுவே. "தரமான சேவை", "நியாயமான விலை", "வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் நோக்கம்" எல்லாம் உப்பு. எல்லோர் தளத்திலும் இருக்கிறது. "சிங்கிள் பேஸ் மோனோபிளாக்", "கெபாசிட்டர்", "ஏழரை ஹெச்பி சப்மெர்சிபிள்", "பொள்ளாச்சி" ஆகியவை வாழைப்பூ.

நிறையப் போட்டால் நிறைய மணக்கும் என்று ஒரு காலத்தில் "மோட்டார் ரிப்பேர் மோட்டார் ரிப்பேர்" என்று பக்கம் முழுக்க நிரப்பினார்கள். பெருங்காயம் ஒரு சிட்டிகை போட்டால் மணம். பத்து சிட்டிகை போட்டால் மணம் பத்து மடங்காவதில்லை. 1990களில் லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ராபர்ட்சனின் குழு உருவாக்கிய பிஎம்25 என்ற சூத்திரம் இதையே கணக்காக்கியது. ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தால், ஓரளவுக்கு மேல் அதனால் பயனில்லை. இன்று கூகுளில் இதற்கு மேல் எத்தனையோ அடுக்குகள். எந்தப் பக்கத்துக்கு எத்தனை நல்ல பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றன என்று பார்க்கும் பேஜ்ரேங்க் 1998இலேயே வந்துவிட்டது. ஆழமில்லாமல் கட்டுக்கட்டாக எழுதிக் குவித்த தளங்களை 2011 பிப்ரவரியில் பாண்டா என்ற மாற்றம் கீழே இறக்கியது. 2022 டிசம்பரில் தேடல் முடிவுகளின் தரம் பார்ப்பவர்களுக்கான கையேட்டில் நேரடி அனுபவம் என்பதையும் கூகுள் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. பட்டறைக்காரருக்கு இது நல்ல செய்தி. அவரிடம் இருப்பதே அனுபவம்தான்.

அவர் என்ன எழுதலாம்? அந்த "உர்ர்" சத்தத்தையே எழுதட்டும். முதலில் மெயினை அணையுங்கள். சத்தத்தோடு விட்டு வைத்தால் மின்சாரம் அதிகமாக இழுத்து காயில் எரிந்துவிடும். அணைத்த பிறகு பின்னால் உள்ள விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லையென்றால் பேரிங்கோ இம்பெல்லரோ இறுகியிருக்கிறது. லேசாகச் சுற்றினால் கெபாசிட்டர் மேல் சந்தேகப்படுங்கள். கெபாசிட்டரில் கை வைக்காதீர்கள், அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். இவ்வளவுதான் ஒரு பதிவு. இன்னொன்று: த்ரீ பேஸ் மோட்டாரைக் காயில் கட்டி இறக்கிய பிறகு தண்ணீர் வருகிறது, ஆனால் குறைவாக வருகிறது என்றால் மோட்டார் தலைகீழாகச் சுற்றக்கூடும், இரண்டு பேஸ் ஒயர்களை எலக்ட்ரீசியன் மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும். இதை வேறு யார் எழுதுவார்கள்? நாள்தோறும் வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதற்கு முன் யாரும் தேடாதவை என்று கூகுள் பலமுறை சொல்லியிருக்கிறது. பெரிய நிறுவனம் எதுவும் அத்தனைக்கும் சமைத்து வைக்க முடியாது.

எழுதும்போது போனில் கேட்ட சொற்களையே போடட்டும். "செயலிழப்பு" என்று யாரும் தேடுவதில்லை; "எரிஞ்சு போச்சு" என்றுதான் தேடுகிறார்கள், அதையும் பலர் ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். இரண்டு வடிவமும் ஓரிடத்தில் இருந்தால் நல்லது.

இப்படி வாடிக்கையாளர் கேள்விகளுக்குப் பதில் எழுதியே பிழைத்தவர் ஒருவர் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கிறார். மார்கஸ் ஷெரிடனும் கூட்டாளிகளும் ஃபைபர் கிளாஸ் நீச்சல்குளம் அமைக்கும் கம்பெனி நடத்தினார்கள். 2008 நிதி நெருக்கடியில் ஆர்டர்கள் நின்றுபோயின. விளம்பரத்துக்குக் காசில்லை. வாடிக்கையாளர்கள் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் தலைப்பாக்கி ஷெரிடன் பதில் எழுத ஆரம்பித்தார். அதில் முக்கியமானது, குளம் கட்ட எவ்வளவு ஆகும் என்ற கேள்வி. போட்டியாளர்கள் எழுதத் தயங்கிய விஷயம் அது. அவர் ஒரே விலையைச் சொல்லவில்லை. எதனால் கூடும், எதனால் குறையும் என்று விளக்கினார். கம்பெனி தப்பித்தது. 2013இல் நியூயார்க் டைம்ஸ் அவரைப் பற்றி எழுதியது.

நம் ஊரிலும் எல்லோரும் முதலில் கேட்பது விலையைத்தான், பெரும்பாலோர் மறைப்பதும் அதைத்தான். தாமிரக் கம்பி விலை ஏறி இறங்குவதால் காயில் கட்டும் கூலியும் மாறும் என்றால், அதையே எழுதலாம். ஹெச்பி வாரியாக இன்றைய தொகையைப் போட்டு, மேலே தேதி போட்டு, மாறும்போது திருத்தினால் போதும்.

2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவில் கூகுள், பல பக்கங்களிலிருந்து எடுத்துப் பதிலைத் தானே பிசைந்து ஒரு கவளமாக முதலிலேயே பரிமாறுகிறது. அதைச் சாப்பிட்டுவிட்டு மூலப் பக்கத்துக்குப் போகாமலே எழுந்துவிடுபவர்கள் உண்டு. பொது அறிவை மட்டும் எழுதிப் பிழைத்தவர்களுக்கு இது பெரிய அடி. பட்டறைக்காரர் நிலை வேறு. கெபாசிட்டர் என்று தெரிந்த பிறகும், காயில் எரிந்துவிட்டால் மோட்டாரை யாரோ கழற்றித்தான் ஆக வேண்டும். ஆகவே ஒவ்வொரு பதிவின் அடியிலும் கடை இருக்கும் ஊர், போன் நம்பர், எத்தனை ஹெச்பி வரை எடுப்பார், கிணற்றடிக்கே வருவாரா, மோட்டாரை எடுத்துவர வேண்டுமா, திருப்பித்தர எத்தனை நாள் ஆகும் என்பவை எழுத்தில் இருக்கட்டும்.