ரிவியில் இரண்டு தலை மனிதர்

பிள்ளைகளே, மலைகள் சூழ்ந்த கண்டிப் பக்கத்தில் வளர்ந்த பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "அந்தக் காலத்து ரிவியில் செய்தி வாசிப்பவருக்கு இரண்டு தலை தெரியுமா?" கூரையில் ஏறி அன்டெனாவைத் திருப்பிய கதையையும் சேர்த்தே சொல்லக்கூடும்.

அந்த இரண்டாவது தலைக்கும், இன்று நீங்கள் போனில் இருக்கும் வீடியோவை வயரில்லாமல் ரிவிக்கு அனுப்புவதற்கும் நெருங்கிய உறவு உண்டு.

ரூபவாஹினி தொலைக்காட்சி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி தொடங்கியது. 2524 மீற்றர் உயரமான பீதுருதாலகால உச்சியில் அதற்கொரு கோபுரம் உண்டு. அங்கிருந்து புறப்படும் ரேடியோ அலையில் ஒரு பகுதி நேரே உங்கள் அன்டெனாவுக்கு வரும். இன்னொரு பகுதி ஏதாவது ஒரு மலையில் மோதித் திரும்பி, சுற்று வழியில் வரும். வழி 3 கிலோமீற்றர் கூடினால் அலை 10 மைக்ரோ செக்கன் பிந்திவிடும். மைக்ரோ செக்கன் என்பது ஒரு செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சின்னத் தாமதம் என்ன செய்யும் என்று நினைக்கிறீர்களா? பழைய ரிவி படத்தை 625 வரிகளாகப் பிரித்து, ஒவ்வொரு வரியையும் இடமிருந்து வலமாக 52 மைக்ரோ செக்கனில் வரைந்தது. ஆகவே பிந்தி வந்த தலை, உண்மையான தலைக்கு வலப்பக்கம், திரையின் அகலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தள்ளி, மங்கலாக விழுந்தது.

இப்போது வீட்டுக்குள் வருவோம். போனுக்கும் ரிவிக்கும் நடுவில் நாலு மீற்றர் இருக்கலாம். மலையும் இல்லை. ஆனால் சுவர் இருக்கிறது, கொங்கிரீட் தட்டு இருக்கிறது, இரும்பு அலுமாரி இருக்கிறது. வை-பை அலை இவை எல்லாவற்றிலும் மோதித் தெறிக்கும். பெரஹெரா காலத்தில் கண்டி வாவிக்கரையில் நின்று மேளத்தைக் கேளுங்கள். மெதுவான அடி தெளிவாகக் கேட்கும். வேகமாக அடித்தாலோ, முந்திய அடியின் எதிரொலி அடுத்த அடியின் மேல் விழுந்து எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும். வீடியோவுக்கு வேண்டியதோ வேகம்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்களில் ஒருவர் ஜோன் ஓ'சலிவன் என்ற அவுஸ்திரேலியர். 1970களில் அவர் நெதர்லாந்தில் தேடிக்கொண்டிருந்தது வை-பையை அல்ல. சின்னஞ்சிறு கருந்துளைகள் வெடித்தால் ரேடியோ துடிப்பு வரலாம் என்ற ஊகம் அப்போது இருந்தது. அவை வெடிக்கும் என்று சொன்னவர் ஸ்டீபன் ஹோக்கிங். அந்தத் துடிப்பு கிடைக்கவே இல்லை. ஆனால் கலங்கி வரும் அலையைத் தெளியவைக்கும் கணக்கு அவர் கையில் தங்கியது. பின்பு அவுஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனத்தில் நண்பர்களோடு சேர்ந்து, அந்தக் கணக்கை வீட்டு அறைக்குள் கொண்டுவந்தார். 1996இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. தோற்ற தேடல் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வழி இதுதான்: ஒரே ஓட்டமாக அவசரப்படுத்தாமல், தகவலைப் பல ஓட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி அலைவரிசையில் மெதுவாக அனுப்புவது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒரு சின்ன இடைவெளி. எதிரொலிகள் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். தனியாகப் பார்த்தால் மெதுவாக இருக்கும், சேர்த்துப் பார்த்தால் வேகம்.

அப்படியும் முழுப் படத்தை அப்படியே அனுப்ப முடியாது. 1920க்கு 1080 புள்ளிகள் உள்ள படம், செக்கனுக்கு 25 தடவை, புள்ளிக்கு 24 பிட் என்று பெருக்குங்கள்: 124 கோடி பிட் வரும்! அதனால் மாறியதை மட்டும் அனுப்புகிறார்கள். பெரஹெரா வீடியோவில் யானை நடக்கிறது, தலதா மாளிகையின் வெள்ளைச் சுவர் நடப்பதில்லை. சுவரை ஏன் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும்? இப்படிச் சுருக்கினால் செக்கனுக்கு 50 இலட்சம் பிட் அளவே போதும்.

சரி, வீடியோ போனிலிருந்துதான் ரிவிக்குப் போகிறதா? இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'மிரரிங்' செய்தால் ஆம். போன் தன் திரையைச் சுருக்கிச் சுருக்கி ரிவிக்கு அனுப்பும், கையில் சூடும் தெரியும். யூடியூப்பில் 'காஸ்ட்' பொத்தானைத் தொட்டாலோ, போன் வீடியோவை அனுப்புவதே இல்லை. "இந்த வீடியோ இன்ன இடத்தில் இருக்கிறது" என்று முகவரியை மட்டும் சொல்லும். ரிவி தானே ரவுட்டர் வழியாக இணையத்துக்குப் போய் எடுத்துக்கொள்ளும்.

நம்பிக்கை இல்லையா? காஸ்ட் செய்து வீடியோ ஓடும்போது போனைப் பிளைட் மோடில் போட்டு, வை-பையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். படம் ஓடிக்கொண்டே இருக்கும். மிரரிங்கில் அதையே செய்தால் நின்றுவிடும். வீட்டில் ரவுட்டர் இல்லாமல் அதே போனின் ஹொட்ஸ்பொட்டில் ரிவியை இணைத்திருப்பவர்களுக்கு மட்டும், காஸ்ட் செய்தாலும் கொஞ்ச நேரத்தில் படம் நின்றுபோகும். ஏன் உடனே நிற்காமல் கொஞ்ச நேரம் ஓடுகிறது? அதை நீங்களே கண்டுபிடியுங்கள். ரிவி வீடியோவைக் காட்டுவதற்கு முன்பே அதில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ளும் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.