முதுமையும் அளவான மதுவும்



அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம்மவர் அடிக்கடி கூறும் பழமொழி. அதனைச் சற்றே திருப்பி, அளவோடு உட்கொண்டால் நஞ்சும் அமிர்தமாகும் என எண்ணுவோரும் நம்மிடையே உளர். சில மாதங்களுக்கு முன் என் நண்பர் ஒருவர் இவ்வெண்ணத்தோடு என்னிடம் வந்தார். ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர், 66 வயதினர், ஒழுக்கத்திற் பிறர் குறை கூற இடம் வையாதவர். “அதிபர், நான் தவறணைக்குப் போகிறவன் அல்லன். இரவுச் சாப்பாட்டுக்கு முன் வீட்டிலே சிறிதளவு சாராயம் மாத்திரம் எடுக்கிறேன். இருதயத்துக்கு நல்லது என்று படித்திருக்கிறேன். அது பிழையா?” என்று கேட்டார்.

பெருங்குடியைப் பற்றிய கேள்வியாயின் விடை கூறுதல் எளிது. கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஆனால் என் நண்பர் நிலை தடுமாறுவதில்லை, கடன்படுவதில்லை, வீட்டாரை வருத்துவதுமில்லை. நாள்தோறும் சிறிதளவு அருந்தும் மது முதுமையில் உடலுக்கு நன்மை செய்யுமா, தீமை செய்யுமா என்பதே அவர் கேட்டது. நான் வைத்தியன் அல்லன். எனினும் இக்கேள்வியின் உயிர்நாடி ஒரு கூட்டத்தாரை இன்னொரு கூட்டத்தாரோடு எவ்வாறு ஒப்பிடுவது என்பதிலே தங்கியுள்ளது. அது ஆசிரியனுக்கும் பழக்கமான விடயமே.

அளவான மது நன்மை தரும் என்னும் கருத்து நேற்றுப் பிறந்ததன்று. 1926ஆம் ஆண்டிலே அமெரிக்க உயிரியலறிஞர் றேமண்ட் பேர்ள், பால்ற்றிமோர் நகரத்து மக்களின் ஆயுட்காலத்தை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். மிகுதியாகக் குடிப்போர் விரைவில் இறந்தனர். ஆனால் அளவாகக் குடிப்போர், குடியாதாரைவிடக் குறைந்த காலம் வாழ்ந்தாரல்லர் என்பது அவர் கண்ட முடிபு. பின்னர் வந்த ஆய்வுகள் பலவும் இவ்வாறே கூறின. 1991இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றிலே பிரான்சிய அறிஞர் சேர்ஜ் றெனோ தோன்றி, வெண்ணெயும் பாற்கட்டியும் தாராளமாக உண்ணும் பிரான்சியரிடையே இருதய நோய் குறைவாயிருத்தற்கு அவர்கள் அருந்தும் வைன் ஒரு காரணமாகலாம் என்றார். அதன்பின் அந்நாட்டிற் சிவப்பு வைன் விற்பனை பெருகியது. அக்கருத்தே பத்திரிகை வழியாகப் பயணஞ் செய்து, வைனைக் கண்ணாலும் காணாத என் நண்பரின் சாராயக் கிளாசுக்கும் சான்றிதழாயிற்று.

இவ்வொப்பீட்டில் மறைந்திருக்கும் வழு யாது? பாடசாலையிலிருந்து ஓர் உதாரணம் தருகிறேன். ஒரே பாடத்தை இரு வகுப்புகளில் இரு ஆசிரியர் கற்பிக்கின்றனர். முதலாம் வகுப்பிற் படிப்பில் பின்தங்குவோரையும், நோயினால் நெடுநாள் வராதோரையும் ஆண்டின் நடுவில் இரண்டாம் வகுப்புக்கு மாற்றிவிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டிறுதியில் முதலாம் வகுப்பில் ஏறக்குறைய எல்லாரும் சித்தியடைவர். இரண்டாம் வகுப்பில் பலர் தவறுவர். இதைக் கொண்டு முதலாம் ஆசிரியரே வல்லவர் என்று முடிவு செய்வோமா? செய்யமாட்டோம். மாணவரை இடம் மாற்றியதன் விளைவே அது என்போம்.

மதுவைப் பற்றிய ஆய்வுகளிலும் இதுவே நேர்ந்தது. குடியாதோர் என்னும் வகுப்பிலே பிறந்தது முதற் குடியாதவர் மாத்திரம் இருக்கவில்லை. முன்பு குடித்து, ஈரலோ இருதயமோ பழுதுற்றபின் வைத்தியர் சொற்கேட்டு நிறுத்தியவர்களும் அதில் வந்து சேர்ந்திருந்தனர். 1988இல் பிரித்தானியப் பேராசிரியர் ஷேப்பரும் அவருடைய குழுவினரும், அந்நாட்டின் 24 நகரங்களைச் சேர்ந்த 7,735 நடுவயது ஆண்களைத் தொடர்ந்து ஆராய்ந்து இவ்வுண்மையை எடுத்துக்காட்டினர். நோய் வரவரக் குடிப்போர் குடியாதோராக மாறினர். ஆகவே குடியாதோர் கூட்டம் நோயாளர் நிறைந்ததாகத் தோன்றியது. அன்றியும், அளவாக அருந்துவோர் பலர் கல்வியும் வசதியும் உடையோர், நல்லுணவு உண்போர். அவர்தம் நலத்துக்குக் காரணம் மதுவா, வாழ்க்கை வசதியா என்று பிரித்தறிதல் அரிது.

2023இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 48 இலட்சம் மக்களை உள்ளடக்கிய 107 ஆய்வுகளை ஒருங்கே எடுத்து, இவ்வழுக்களை இயன்றவரை நீக்கிக் கணக்கிட்டது. சிறிதளவு அருந்துவோர்க்கு நீண்ட ஆயுள் என்னும் நன்மை அப்போது குறிப்பிடத்தக்க அளவிற் காணப்படவில்லை.

சீனாவிலிருந்து வந்த சான்று இதனினும் நுட்பமானது. கிழக்காசிய மக்களிற் பலர் மதுவைத் தாங்காத மரபணுவுடன் பிறக்கின்றனர்; சிறிது அருந்தினாலும் முகஞ் சிவந்து நெஞ்சு படபடக்கும். ஆதலால் அவர்கள் குறைவாகவே குடிப்பர். இம்மரபணு செல்வத்தையோ கல்வியையோ பார்த்து வருவதன்று; பிறப்பிலே சீட்டுக் குலுக்கியது போல வருவது. சுமார் 1,60,000 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2019இல் வெளியிடப்பட்ட முடிபு யாதெனில், ஆண்களிடையே மதுவின் அளவு கூடக்கூடப் பாரிசவாதமும் கூடியது. அளவான குடி அந்நோயினின்றும் காக்கவில்லை. பெரும்பாலும் குடியாத சீனப் பெண்களிடத்தில் அதே மரபணு அவ்வேறுபாட்டை உண்டாக்கவில்லை. எனவே வேறுபாட்டை உண்டாக்கியது மதுவே என்று கொள்ள இடமுண்டு. மாரடைப்பைப் பொறுத்தவரை தெளிவான நன்மையும் காணப்படவில்லை.

மறுபக்கத்தையும் மறைத்தல் நேர்மையாகாது. அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகங்கள் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, அளவாகக் குடிப்போரிடையே இறப்பு வீதம் ஒருபோதும் குடியாதாரைவிடக் குறைவாகக் காணப்படுகிறது என்று கூறியது. அதே அறிக்கை, பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் அத்தகைய அளவிலும் கூடுகிறது என்றும் கூறியது. ஆய்வாளர் முற்றாக உடன்பட்டாரல்லர் என்பதே இதன் பொருள். மக்களை இரு கூறாக்கி, ஒரு சாராரை அருந்தச் செய்தும் மற்றையோரை விலக்கியும் பல்லாண்டு பார்த்தாலன்றி ஐயம் தீராது. அத்தகைய ஆய்வொன்று 7,800 பேரைக் கொண்டு அமெரிக்காவிலே தொடங்கப்பட்டது. ஆனால் அதற்கான பணத்தை மது உற்பத்தியாளரிடம் அதிகாரிகளே முறையின்றி நாடியமை வெளியாகியதால் 2018இல் அது கைவிடப்பட்டது.

இருதயத்தைப் பற்றிய வழக்கு இவ்வாறு நிற்கப் புற்றுநோயைப் பற்றிய வழக்கு பெரிதும் முடிந்துவிட்டது. மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதலாந் தொகுதியிலே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988இலேயே சேர்த்தது. மதுசாரம் உடலில் அசற்றல்டிகைட்டு என்னும் பொருளாக மாறுகிறது. அப்பொருள் உயிரணுக்களின் மரபுப் பொருளைச் சிதைக்கிறது. கள்ளாயினும் சாராயமாயினும் விலையுயர்ந்த வைனாயினும் அதிலுள்ள மதுசாரம் ஒன்றே. உடல்நலத்தைப் பாதியாத அளவு என்று ஒன்று இல்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு அறிவித்ததற்கு இதுவே முதன்மையான காரணம்.

இனி முதுமைக்கு வருவோம். நாற்பது வயதில் அருந்திய அதே கிளாசு எழுபது வயதில் அதே கிளாசு அன்று. வயது ஏற ஏற உடலிலுள்ள நீரின் பங்கு குறைகிறது. கலப்பதற்கு நீர் குறையவே, அதே அளவு மது இரத்தத்திற் கூடிய செறிவோடு நிற்கிறது. கால் தளர்ந்தவர் நள்ளிரவில் எழுந்து தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். அம்முறிவோடு பாயிற் கிடந்து மீளாதவர் பலர். மது இரத்த அமுக்கத்தை உயர்த்துகிறது. இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கிறது. விரைவில் உறக்கத்தைத் தந்து, பின்னிரவில் அதனைப் பறித்துக்கொள்கிறது. பிரித்தானியாவில் 60 வயதைக் கடந்த 1,35,103 பேரை ஏறத்தாழ 12 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஓர் ஆய்வு 2024இல் வெளியாயிற்று. ஏற்கனவே நோயோ வறுமையோ உடையவரிடத்தில் குறைந்த அளவான குடியும் புற்றுநோய் இறப்போடு தொடர்புற்றிருந்ததை அது காட்டியது.

இவற்றினும் உடனடியான ஆபத்து மருந்துப் பையில் இருக்கிறது. தூக்க மாத்திரையும் மதுவும் ஒன்றையொன்று வலுப்படுத்தி மூச்சையே தளரச் செய்யவல்லன. நீரிழிவுக்கு இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுப்போர்க்கு மது இரத்தச் சர்க்கரையை அபாயகரமாகத் தாழ்த்தலாம். இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போர்க்கு இரத்தப் பெருக்கு ஏற்படலாம்.

“சிறிதளவு” என்பது எவ்வளவு? என் நண்பரை அளந்து பார்க்கச் சொன்னேன். 60 மில்லிலீற்றர் என்றார். நம் நாட்டுச் சாராயத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மதுசாரம். ஆகவே அவர் நாளொன்றுக்கு அருந்துவது 20 மில்லிலீற்றர் தூய மதுசாரம். பிரித்தானிய கணக்கில் 2 அலகுகள், வாரத்துக்கு 14. பிரித்தானிய அரசு 2016இல் விதித்த மேலெல்லை அதுவே. கனடா நாட்டு வல்லுநர் 2023இல் வகுத்த குறைந்த அபாய அளவோ, நம் சாராயக் கணக்கில் வாரம் முழுவதற்கும் ஏறத்தாழ 100 மில்லிலீற்றர்தான். சிறிதளவு என்று அவர் கருதியது ஒரு நாட்டின் எல்லைக்கோட்டிலும், மற்றொரு நாட்டின் எல்லைக்கு நான்கு மடங்கிலும் நின்றது.

இதைச் சொல்லி முடித்தபோது அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின் சட்டைப் பையிலிருந்து இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்து மேசைமீது வைத்தார். ஒன்று இரத்த அமுக்கத்துக்கு; மற்றது தூக்கத்துக்கு. “கிளினிக்கில் டொக்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை” என்றார்.

நேயர்களே, இன்றைய அறிவு நமக்குக் கூறுவது இதுவே: குடியாதவர் எவரும் உடல்நலங் கருதிக் குடிக்கத் தொடங்குதல் வேண்டா. சிறிது அருந்துவோர், அது மருந்தன்று, ஒரு விருப்பம். அதற்கு ஒரு விலை உண்டு. வயதோடு அவ்விலையும் ஏறும் என்பதை அறிந்துகொள்க. குறைத்தல் நன்று, விடுதல் அதனினும் நன்று. ஆனால் நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு முதலியன நேரலாம். அவர்கள் வைத்தியரின் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும். யாவர்க்கும் பொதுவான ஒன்று, வைத்தியரிடம் அளவை மறையாது கூறுதல். என் நண்பர் அடுத்த கிளினிக்கு நாளிலே கூறினார். அந்த இரண்டாவது மாத்திரையைப் பற்றி வைத்தியர் அவரோடு நெடுநேரம் பேசினாராம்.