கொலுவுக்குக் கைகளே போதும்

புரட்டாசி மாதம் வந்தால் நம் வீடுகளில் இரண்டு கவலைகள் ஒருங்கே வந்து சேருகின்றன. காலாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறையில் இருக்கும் குழந்தைகளை எவ்வாறு பொழுது போக்கச் செய்வது என்பது ஒன்று. நவராத்திரிக் கொலுவுக்கு இவ்வாண்டு எவ்வளவு செலவாகுமோ என்பது மற்றொன்று. சற்றே யோசித்தால் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று மருந்து என்பது விளங்கும். குழந்தைகளின் கைகளிடம் கொலுவை ஒப்படைத்துவிட்டால், பொழுதும் போகும், பணமும் மிஞ்சும்.

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடைகளைப் பார்த்து வருபவர்கள் இப்போது தனிப் பொம்மை வாங்குவது குறைந்து, கல்யாண ஊர்வலம், கருட சேவை என்று 'செட்'டாகவே வாங்குகிறார்கள். படிகளும் இரும்பில் செய்து விலைக்கு வருகின்றன. வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வெற்றிலை பாக்கோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் சேர்ந்துவிட்டது. இவற்றுக்கெல்லாம் பணம் உள்ளவர்கள் செய்யட்டும், குறை கூறவில்லை. ஆனால் இதனால் விளையும் தீமை ஒன்று உண்டு. "எங்களிடம் பொம்மை இல்லை, நாங்கள் கொலு வைப்பதில்லை" என்று நம் வகுப்பில் சிறுமிகள் தலை குனிந்து சொல்லக் கேட்கிறோம். பண்டிகை என்பது ஒரு குழந்தையைத் தலை குனிய வைக்குமானால், அது பண்டிகையின் குற்றமன்று. அதை நடத்துகிற நம்முடைய குற்றம்.

செம்பாக்கம் போன்ற ஊர்களில் இந்த விஷயம் இன்னும் முக்கியமானது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த கிராமம், வீடுகள் பெருகி நகராட்சியாகி, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியில் ஓர் அங்கமாகிவிட்டது. பல ஜில்லாக்களிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் ஒரே மாடிப்படியில் தினமும் ஏறி இறங்குகிறார்கள். எதிர் வீட்டுக்காரர் பெயர் தெரியாது. ஆண்டில் ஒன்பது நாள் வாசற்கதவைத் திறந்து வைத்து, "கொலுப் பார்க்க வாருங்கள்" என்று அழைக்கும் வழக்கம் நம் முன்னோர் வைத்துப் போன அருமையான ஏற்பாடு. அதைச் செலவுக்கு அஞ்சிக் கைவிடலாமா?

படியும் பொம்மையும்

முதலில் படி. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையில் அமைப்பது வழக்கம். மூன்று படி போதும். தகரப் பெட்டி, மரப் பலகை, கனத்த புத்தகக் கட்டு ஆகியவற்றை அடுக்கி, மேலே சலவை செய்த வெள்ளை வேஷ்டியை விரித்துக் குண்டூசியால் இழுத்துக் கட்டினால் படி தயார். கனமான பெட்டி அடியில் இருக்க வேண்டும். அடுக்கியபின் கையால் அழுத்தி ஆட்டம் இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்துப் பொம்மை. நம் பாட்டிமார் பழைய காகிதத்தையும் வெந்தயத்தையும் சேர்த்து அரைத்துக் கூடையும் தட்டும் செய்து வைத்திருந்தார்கள். அதே கூழ் பொம்மைக்கும் ஆகும். பழைய செய்தித்தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, ஒரு நாள் முழுதும் தண்ணீரில் ஊற வைத்து, பிறகு நன்றாக அரைத்துப் பிழிய வேண்டும். பிழிந்த கூழ் நான்கு கை அளவுக்கு, ஊற வைத்து அரைத்த வெந்தயம் அரைக் கை அளவும், மைதாப் பசை ஒரு கை அளவும், பூச்சி அரிக்காதிருக்க வேப்பிலைப் பொடி சிறிதும் சேர்த்துச் சப்பாத்தி மாவு போல் பிசைய வேண்டும். சிறு புட்டி ஒன்றைச் சுற்றி இதை அப்பினால் உடம்பு வந்துவிடும். தலைக்கு ஓர் உருண்டை. மூன்று நான்கு நாள் வெயிலில் காய்ந்ததும், சீமைச்சுண்ணாம்புப் பொடியைப் பசையில் குழைத்து ஒரு பூச்சு. அது உலர்ந்தபின் வர்ணம். மஞ்சளும் செங்காவியும் வீட்டிலேயே கிடைக்கும். ஐப்பசி மழை முந்திக்கொள்ளாதபடி, கொலுவுக்கு இரண்டு வாரம் முன்பே இந்த வேலையைத் தொடங்குவது நல்லது.

தலையாட்டிப் பொம்மைக்குத் தஞ்சாவூர் பெயர் போனது. கீழே தள்ளினாலும் எழுந்து நிற்கும் அதன் இரகசியம் கனம் முழுதும் அடியில் இருப்பதுதான். இதையும் பிள்ளைகள் செய்து பார்க்கலாம். வழவழப்பாகத் தேய்த்த பாதிக் கொட்டாங்கச்சியின் அடியில் களிமண்ணை அழுத்திக் காயவிட்டு, மேலே காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி ஒட்டினால் பொம்மை ஆடும். களிமண் குறைந்தாலோ, தலை கனத்தாலோ விழுந்து கிடக்கும். புவியீர்ப்பு மையத்தைப் பற்றி நாம் கரும்பலகையில் ஒரு மணி நேரம் எழுதினாலும் புரியாததை, இந்தக் கொட்டாங்கச்சி ஐந்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்துவிடும்.

வீட்டில் மரப்பாச்சி இருந்தால், தையற்காரரிடம் மிஞ்சிய துணித் துண்டுகளைக் கேட்டு வாங்கிப் புதிய உடை தைத்துப் போடலாம். விடுதலைப் போர்க் காலத்தில் காந்தியடிகளும் பாரத மாதாவும் பல வீடுகளில் கொலுப்படி ஏறினார்கள். இன்றும் நாம் மதிப்பவர் எவராயினும் அப்படியில் இடம் பெறலாம்.

இதனால் குயவர் பிழைப்பு கெடுமே என்று சிலர் கேட்கலாம். ஆண்டுக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வாங்க வேண்டும் என்பது பழைய வழக்கம். அதைக் கைவிட வேண்டாம். சென்னைக் கொசப்பேட்டையிலும், மதுரையை அடுத்த விளாச்சேரியிலும், பண்ணுருட்டியிலும் தலைமுறை தலைமுறையாகப் பொம்மை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. அச்சில் வார்த்த பத்துப் பொம்மைகளுக்குப் பதில், அவர்கள் கையால் செய்த மண் பொம்மை ஒன்று போதும். தானே பொம்மை செய்து பார்த்த குழந்தைக்குத்தான் அதன் அருமையும் தெரியும்.

தாம்பாளத்தில் ஓர் ஏரி

கொலுவில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது படிக்குக் கீழே அமைக்கும் பூங்கா. இவ்வாண்டு அவ்விடத்தில் நம் ஊரையே செய்து பார்க்கும்படி செம்பாக்கத்துக் குழந்தைகளுக்குச் சொல்லுகிறோம். பெரிய தாம்பாளம் ஒன்றில் ஈர மண்ணைப் பரப்பி, நடுவே முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்தால் அது செம்பாக்கம் ஏரி. ஒரு பக்கம் களிமண்ணால் கரை. கரையில் தீப்பெட்டியால் மதகு. ஓரத்தில் உபரி நீர் வழியக் கலங்கல். கரைக்குக் கீழே ஓர் இரவு ஊறிய கேழ்வரகைத் தூவி, தினமும் தண்ணீர் தெளித்து வந்தால் ஐந்தாறு நாளில் பசேலென்று வயல் எழும். ஆகையால் கொலு வைக்க ஒரு வாரம் முன்பே தூவிவிட வேண்டும். வெந்தயமும் கடுகும் இதற்கு ஆகும்.

கலங்கலிலிருந்து ஒரு வாய்க்கால் கீறி, இரண்டாவது கண்ணாடியில் முடித்தால் அது நன்மங்கலம் ஏரி. அங்கிருந்து மேலும் ஒரு வாய்க்கால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு. அங்கே கோரைப் புல்லை நட்டு, காகிதத்தில் பூநாரைகளை வெட்டி நிறுத்தலாம். 2022-இல் இச்சதுப்பு நிலம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இது வெறும் விளையாட்டன்று. 2015 டிசம்பரில் தாம்பரத்தைச் சுற்றிலும் வெள்ளம் வீடுகளில் புகுந்ததை மறந்துவிட முடியாது. நீர் எவ்வழி வந்து எவ்வழி போகிறது என்பதைத் தாம்பாளத்தில் கீறிப் பார்த்த குழந்தை, அவ்வழியில் குப்பை கொட்டவும் வீடு கட்டவும் நாளைக்கு எளிதில் சம்மதிக்காது. பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குழந்தைகளையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ளலாம். டிசம்பரில் அவர்கள் குடில் ஜோடிக்கும்போது இதே கேழ்வரகு வயல் பயன்படும்.

சுண்டலும் புட்டும்

சுண்டல் இல்லாத கொலு ஏது? கால் கிலோ கொண்டைக்கடலையை இரவே ஊற வைத்து, காலையில் நீரை மாற்றி உப்பிட்டு வேக வைத்தால் ஏறத்தாழ இரு மடங்காகும். பத்துப் பேருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும். தோல் பிரியக் கூடாது. நீரை வடித்துவிட்டு, தேங்காயெண்ணெயில் கடுகு, மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கடலையைப் புரட்டி, இறக்கியபின் தேங்காய்த் துருவல் சேர்க்க வேண்டும். பச்சைப் பயறு, மொச்சை, காராமணி, பட்டாணி என்று நாளுக்கு ஒன்றாக மாற்றினால் அலுப்புத் தட்டாது.

வெள்ளிக்கிழமைக்கு வெல்லப் புட்டு. ஒரு கிண்ணம் பச்சரிசி மாவைச் சிவக்க வறுத்து, உப்பும் மஞ்சளும் கலந்த வெந்நீரைத் தெளித்துப் பிசிற வேண்டும். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும், அதுதான் பதம். ஆவியில் வேக வைத்து எடுத்து, ஒரு கிண்ணம் வெல்லத்தைக் கெட்டிப் பாகாகக் காய்ச்சிக் கலக்க வேண்டும். பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ஓசை எழ வேண்டும். பாகு இளகினால் புட்டு களியாகிவிடும். நெய்யில் வறுத்த முந்திரி, ஏலப்பொடி, தேங்காய்த் துருவல் சேர்த்து உதிர்த்தால் மணல் போல் பொலபொலவென்று இருக்கும். பாகு காய்ச்சும் வேலை பெரியவர்களுடையது. குழந்தைகள் உதிர்த்துக் கொடுக்கட்டும்.

இவற்றைத் தொன்னையிலோ வாழையிலைத் துண்டிலோ கொடுப்போம். ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் கிண்ணங்களை நம் மாநிலம் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. இலையில் கொடுப்பது நமக்குப் புதிதுமன்று.

அழைப்பு

ஜப்பானியர் மார்ச் 3-ஆம் தேதி சிவப்புத் துணி விரித்த படிகளில் அரசன், அரசி பொம்மைகளை வைத்துப் பெண் குழந்தைகளுக்காக ஒரு பண்டிகை கொண்டாடுகிறார்கள். விலையுயர்ந்த பொம்மைகள் வருவதற்கு முன் அவர்கள் காகிதப் பொம்மை செய்து, துன்பம் அதனோடு போகட்டும் என்று ஆற்றில் விட்டார்கள். பொம்மைப் பண்டிகை அங்கும் மனிதர் கையிலிருந்துதான் பிறந்தது.

கொலுவுக்கு யாரை அழைப்பது என்பதிலும் சிக்கனம் வேண்டாம். சுமங்கலிகளுக்கு மட்டும் என்று வரம்பு கட்டி, கணவனை இழந்த சகோதரிகளை உள்ளறையில் இருத்துவது இனியும் தகாது. வீட்டு வேலை செய்யும் அம்மாளையும், காவற்காரர் குடும்பத்தையும், வேறு மதத்து நண்பர்களையும் அழைத்து, எல்லோருக்கும் ஒரே தொன்னையில் ஒரே சுண்டலைக் கொடுத்தால்தான் அம்பிகை கொலுவிருக்கிறாள் என்று பொருள்.

ஒன்பதாம் நாள் ஆயுத பூஜையன்று புத்தகங்களோடு கத்தரிக்கோலையும், ஊசியையும், பசைக் கிண்ணத்தையும் சரஸ்வதியின் முன் வைத்துச் சந்தனம் குங்குமம் இடச் சொல்லுங்கள். இரண்டு வாரம் உழைத்த கருவிகள் அவை. அந்த மரியாதைக்கு அவை முற்றும் உரியவை. அவற்றைப் பிடித்த சின்னஞ்சிறு கைகளும் அப்படியே.