ஆராய்ச்சியின் பயனை அளத்தல்

திருவள்ளுவர் அரசின் ஆற்றலைக் கூறுமிடத்துச் செல்வம் வரும் வழிகளைப் பெருக்குவதோடு அமையாது, சேர்ந்த செல்வத்தைப் பிரித்தளித்தலையும் அவ்வாற்றலுள் அடக்கினார். இக்காலப் பொருளியலார் அனைவரையும் உள்ளடக்கிய வளர்ச்சி என வழங்குவதும் இக்கருத்தைத் தழுவியதே. நாட்டின் வருமானம் உயர்ந்தது என்பது பாதி விடை. அவ்வுயர்வு எவருடைய இல்லத்தை எட்டியது என்பதே மறுபாதி. முன்னேறிவரும் நாடுகளில் இம்மறுபாதியை அறிதற்பொருட்டு அரசுகளும் உலக நிறுவனங்களும் ஆராய்ச்சித் திட்டங்களுக்குப் பெரும்பொருள் செலவிடுகின்றன. அத்திட்டங்கள் தாமும் பயன் விளைத்தனவா என்பதை அளந்தறிவது எங்ஙனம்?

கற்பிட்டிக் குடாநாட்டில், மேற்கே கடலும் கிழக்கே புத்தளம் களப்பும் சூழ அமைந்த ஆலங்குடா இவ்வினாவின் பொருளை விளக்கத் தக்க ஊராகும். இப்பகுதியின் மணல் நிலத்திற் கிணற்று நீர் இறைத்து வெங்காயமும் மிளகாயும் பயிரிடுவோர் உளர். கடற்றொழிலால் வாழ்வோரும் உளர். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பலர் இங்கு வந்து தங்கினர். அயலிலுள்ள நுரைச்சோலை அனல்மின் நிலையம் 2011 இல் இயங்கத் தொடங்கி, 2014 இல் 900 மெகாவாற்று ஆற்றலை எய்தியது. உள்நாட்டுப் போர் 2009 இல் முடிவுற்றபின் கடற்கரையில் உல்லாச விடுதிகள் பல எழுந்தன. இவை யாவும் நாட்டின் கணக்கில் வளர்ச்சியே. ஆயினும் வலை இழுக்கும் குடும்பத்திற்கும், வெங்காயப் பாத்தியிற் களையெடுக்கும் கூலிப் பெண்ணுக்கும், காணியின்றி வந்து சேர்ந்த ஏழைக்கும் இவற்றால் விளைந்தது யாது என்பதை அக்கணக்குச் சொல்லாது. அதனைச் சொல்லுதலே ஆராய்ச்சியின் கடன்.

அத்தகைய ஆராய்ச்சியை மதிப்பிடுவோர், வெளியிட்ட அறிக்கைகளையும் கூட்டிய மாநாடுகளையும் எண்ணி அமைதல் தகாது. அவர் வினவவேண்டியவை நான்கு. முதலாவது, ஒப்பீடு நேர்மையானதா என்பது. உதவி பெற்றவன் முன்னிலும் உயர்ந்தான் என்றாற் போதாது. உதவி பெறாதிருப்பினும் அவன் உயர்ந்திருப்பானோ என்பது தெளிவாதல் வேண்டும். இரண்டாவது, எண்ணப்பட்டவர் எவர், விடுபட்டவர் எவர் என்பது. மூன்றாவது, கண்ட பயன் எத்துணைக் காலம் நிலைத்தது என்பது. நான்காவது, பிறர் சோதித்துத் திருத்துமாறு தரவுகள் திறந்து வைக்கப்பட்டனவா என்பது.

இவ்வளவைகளை உரைத்துப் பார்ப்பதற்கு இலங்கையின் தென்கரையிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. 2004 டிசெம்பர் 26 இல் நிகழ்ந்த கடற்கோளின் பின், பேராதனைப் பல்கலைக்கழகத்துச் சுரேஷ் டி மெல், உலக வங்கியின் டேவிட் மெக்கென்சி, அமெரிக்கப் பொருளியலறிஞர் கிறிஸ்தோபர் வுட்ரஃப் ஆகிய மூவரும் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் 2005 இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். சிறுகடை நடத்துவோரும், தையல், உணவுப்பண்டம் முதலிய சிறுதொழில் புரிவோரும் அதில் இடம்பெற்றனர். குலுக்கல் முறையால் தெரிந்தெடுக்கப்பட்டோருக்கு 10,000 அல்லது 20,000 ரூபா, பணமாகவேனும் பொருளாகவேனும், கடனாகவன்றிக் கொடையாகவே வழங்கப்பட்டது. ஏனையோரின் நிலை ஒப்பீட்டுக்கு உதவியது. குலுக்கலுக்குத் தக்க காரணம் உண்டு. முயற்சியுடையோர் தாமே முன்வந்து உதவி பெறின், பின்னர் வந்த உயர்வு முயற்சியின் பயனோ முதலின் பயனோ எனப் பிரித்தறிதல் இயலாது.

2008 இல் வெளியான முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. கடற்கோளால் நேரே தாக்கப்படாத 408 தொழில்களை ஆராய்ந்தபோது, இட்ட முதல் மாதந்தோறும் நூற்றுக்கு 4.6 முதல் 5.3 வரை ஆதாயம் தந்தமை தெரிந்தது. ஆண்டுக்கு நோக்கின் அது நூற்றுக்கு 55 முதல் 63 வரையாகும்; சந்தை வட்டியினும் மிக உயர்ந்தது. சிறுதொழிலாளருக்குக் குறைவுற்றது திறமையன்று, முதலே என்பது இதனாற் புலனாயிற்று. ஐந்தாண்டுகள் கழிந்தபின் மீண்டும் நோக்கியபோதும், கொடை பெற்ற ஆடவரின் தொழில்கள் ஏனையவற்றினும் கூடுதலாக நிலைத்திருந்தன என்பதை 2012 இல் அவர்கள் வெளியிட்டனர்.

ஆனால் அதே ஆய்வில் துயர் தரும் முடிவொன்றும் இருந்தது. பெண்கள் நடத்திய தொழில்களில் அக்கொடை சராசரியாக ஆதாயம் எதனையும் தரவில்லை. இதனை மேலோட்டமாகப் படிப்போர், பெண்களுக்கு முதல் வழங்குதல் வீண் என முடிவுகட்டுதல் எளிது. தரவுகள் திறந்திருந்தமையால் அத்தவறு நிலைபெறவில்லை. எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே முதலிய நால்வர் இந்திய ஆய்வொன்றோடு இலங்கை, கானா நாட்டுத் தரவுகளையும் மீளாய்ந்து 2019 இல் முடிவை வெளியிட்டனர். ஓர் இல்லத்தில் தொழில் ஒன்றே இருந்து, அதனைப் பெண்ணே நடத்தியவிடத்து, அவள் பெற்ற பயன் ஆடவர் பெற்றதினின்றும் குறைவுபடவில்லை. கணவனுக்கும் தொழில் இருந்த இல்லங்களிலோ, அவள் பெயரில் வந்த முதல் அவனது தொழிலுக்குச் சென்றிருத்தல் கூடும் என அவர்கள் காட்டினர். குறை பெண்ணின் திறமையிலன்று. இல்லத்தை நோக்காது தொழிலை மட்டும் நோக்கிய அளவுகோலிலேயே இருந்தது.

இப்பாடம் ஆலங்குடாவுக்கும் பொருந்தும். வெங்காய விளைச்சலை மட்டும் அளக்கும் ஆய்வு தோட்டக்காரனின் வருமானத்தைக் காட்டும். களையெடுத்தவளின் கூலியைக் காட்டாது. குடிநீரையும் காட்டாது. கற்பிட்டியின் மணல் நிலத்தில் அளவுமீறி இடும் பசளை, இறைக்கும் நீரோடு கீழிறங்கி, நிலத்தடி நீரில் நைத்திரேற்றைச் சேர்க்கின்றது. பல கிணறுகளில் அது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடந்தமை 1980 ஆம் ஆண்டுகளிலிருந்தே ஆய்வுகளில் வெளியாகியுள்ளது. அந்நீரிற் கரைத்த புட்டிப்பால் குழந்தைகளுக்குத் தீங்கு செய்ய வல்லது. தோட்டத்தின் ஆதாயம் ஒருவர் கணக்கிலும், கிணற்றின் கேடு மற்றொருவர் கணக்கிலும் விழுமாயின் அது அனைவர்க்கும் உரிய வளர்ச்சியாகாது.

ஆகவே, ஆராய்ச்சித் திட்டம் ஒன்றின் தகுதி அது முதலிற் சொன்ன விடையால் மட்டும் முடிவாவதன்று. தன் அளவுகோலைப் பிறர் கையில் ஒப்படைத்து, பிழை காணப்படின் திருந்துவதற்கு இடம் வைத்திருப்பதே அதன் சிறப்பு. எண்ணப்படாதவர் பங்கிடும்போதும் மறக்கப்படுவர். அவர்களை எண்ணக் கற்பிக்கும் ஆராய்ச்சியே செலவிட்ட பொருளுக்குத் தக்க பயனைத் தந்ததாகும்.